விலை குறைத்து எழுதிய நிலம்

போடியில் நிலத்துக்கு இரண்டு விலை உண்டு. வாயால் சொல்கிற விலை ஒன்று, காகிதத்தில் எழுதுகிற விலை ஒன்று. முதல் விலையைச் சொல்லும்போது மீசையை முறுக்குவார்கள். இரண்டாவதை எழுதும்போது அன்றாடங்காய்ச்சியாகிவிடுவார்கள். அரசாங்கத்திடம் உள்ளதை உள்ளபடி சொன்னவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்று சிரிக்கிற ஊர் அது. அன்னக்கொடி அங்கேயே பிறந்து அங்கேயே வாக்கப்பட்டவள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், கோர்ட்டுக்குப் போகிற காகிதத்தில் தன் ஏலக்காய்த் தோட்டத்தின் விலையை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து எழுத வைத்தவள் அவள்தான். அதற்காக அவளை ஏசுகிறவர்கள், முதலில் தங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு ஏசட்டும்.

தோட்டம் என்றால் பெரிய எஸ்டேட் இல்லை. போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துப் பக்கம் சரிவில் கிடக்கும் இரண்டு ஏக்கர். அவள் புருஷன் ராமர், தேவாரம் ஊரில் தன் பங்குக்கு வந்த வயலை விற்றுவிட்டு வாங்கியது. வாங்கியபோது புதரும் பாறையுமாக, மனுஷன் நுழைய முடியாத காடாகக் கிடந்தது. புருஷனும் பெண்டாட்டியும் தகரக் கொட்டகையில் படுத்து, அட்டைக்கடியில் கால் புண்ணாகி, மூன்று வருஷத்தில் அதைத் தோட்டமாக்கினார்கள். ஒவ்வொரு ஏலச்செடியும் அவர்கள் கைபட்டு ஊன்றியது.

அந்தச் சமயத்தில்தான் மேலே மலையில் அரசாங்கம் நிலத்துக்குப் பட்டயம் கொடுக்கிறது என்றார்கள். மலையில் ரேஷன் கார்டு உள்ளவனுக்குத்தான் பட்டயம். ராமருக்குக் கார்டு போடியில் இருந்தது. அவருடைய தம்பி மகாராஜன் ஒரு எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தான். அவனுக்கு மேலேயே கார்டு. அப்போது போடியில் எல்லோரும் செய்தது போலவே இவர்களும் செய்தார்கள். கார்டு உள்ளவன் பெயரில் பட்டயம், பாடுபட்டவன் கையில் தோட்டம். என் பேர் என்ன, உன் பேர் என்ன, ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தானே என்றார் ராமர். ஒரு துண்டுக் காகிதத்தில்கூட அவர் எழுதி வாங்கவில்லை.

ஏலக்காய் விலை ஏறுகிற வரைக்கும் மகாராஜன் தம்பியாக இருந்தான். விலை ஏறியதும் பட்டயதாரனாகிவிட்டான். தோட்டத்தை விட்டு இறங்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதைப் படித்துச் சொன்னவர் சீனிச்சாமி. எஸ்டேட்டில் முப்பது வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் மலையில் நிலம் வைத்திருக்கும் போடிக்காரர்களுக்கெல்லாம் அவர்தான் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பாலம். ஏலக்காய் ஏல மையத்துக்குப் பக்கத்து மாடியில் அவருக்கு ஒரு சின்ன அறை இருந்தது.

தோட்டம் ராமருடையதுதான் என்று வழக்குப் போடும்போது நிலத்தின் மதிப்பு எவ்வளவு என்று எழுத வேண்டும், அதற்கேற்பக் கோர்ட்டுக் கட்டணம் என்றார் சீனிச்சாமி. நிஜ விலையையே போடுங்கள், பொய்யை எழுதிக்கொண்டு நியாயம் கேட்கப் போகக் கூடாது என்றார் ராமர். அன்னக்கொடி விடவில்லை. மகள் தேவிக்கு அந்த மாதம் நர்சிங் காலேஜுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது.

"நாம என்ன விக்கவா போறோம், வெலையப் போட? கம்மியா எழுதுங்கண்ணே. எழுதுற கைக்கு என்ன வலிக்கவா போகுது."

சீனிச்சாமி சிரித்துக்கொண்டே எழுதினார். ராமர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மிச்சமான பணம் அந்த வாரமே தேவியின் காலேஜுக்குப் போனது.

கீழ்க்கோர்ட்டில் தோற்றார்கள். அங்கே நடந்ததுதான் கொடுமை. மகாராஜன் ஒருநாளும் கூண்டில் ஏறவில்லை. மச்சினன் பாண்டியராஜுக்குப் பவர் எழுதிக் கொடுத்து அவனைச் சாட்சி சொல்ல அனுப்பினான். பாண்டியராஜுக்கு ஏலச்செடிக்கும் இஞ்சிச் செடிக்கும் வித்தியாசம் தெரியாது. எங்கள் அத்தான்தான் காடு வெட்டினார், எங்கள் அத்தான்தான் நட்டார் என்று அவன் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தான். பட்டயம் மகாராஜன் பெயரில் இருந்தது. தீர்ப்பும் அவன் பக்கம் போனது.

எர்ணாகுளத்தில் ஐகோர்ட்டில் அப்பீல் போட்டார்கள். வழக்கு முடிகிற வரைக்கும் ராமரே தோட்டத்தை வைத்துக்கொள்ளலாம் என்று தடை உத்தரவு கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு ஏழு வருஷம் ஓட்டினார்கள். காய் எடுப்பு வந்தால் எடுத்தார்கள், கவாத்துக் காலத்தில் கவாத்து செய்தார்கள், கோர்ட்டில் தவணை வந்தால் விடிவதற்குள் பஸ்சேறிப் போய், வழக்கு எடுபடாமல் திரும்பி வந்தார்கள்.

ஏழாம் வருஷம் ஒருநாள் வழக்கு எடுபட்டது. இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வயதான ஆண், மற்றவர் பெண். இங்கிலீஷில் பேசிக்கொண்டே வந்த அந்த அம்மாள் திடீரென்று நிறுத்தி, எதிர்க்கட்சி வக்கீலிடம் மலையாளத்தில் கேட்டார். பின் பெஞ்சில் இருந்த அன்னக்கொடிக்கு அந்த ஒரு வாக்கியம் சுத்தமாகப் புரிந்தது.

"ஆரா ஏலம் நட்டது?"

வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். பவர் வாங்கியவன் சாட்சி சொன்னதைக் காட்டினார். அந்த அம்மாள் தலையை அசைத்தார். நட்டவன் வந்து சொல்லட்டும், அடுத்த தவணைக்கு அண்ணன் தம்பி இரண்டு பேரும் எங்கள் முன்னால் வந்து நிற்கட்டும், நாங்களே கேட்கிறோம் என்றார். பக்கத்தில் இருந்தவரும் சரி என்றார். வாய்வார்த்தையாகச் சொன்னதுதான். எழுதிய உத்தரவில் வழக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று மட்டுமே இருந்தது. காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு யார் பார்த்தார்கள்.

ஊர் திரும்பிய அன்னக்கொடிக்குக் கால் தரையில் பாவவில்லை. கொழுந்தனை அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அறிவாள். திருடுவான், மறைப்பான், ஆளை வைத்துப் பேசுவான். ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவனால் முடியாது. சின்ன வயதில் தாய் செத்தபின் அவனைத் தூக்கி வளர்த்தவர் ராமர். அந்த வருஷம் குலசாமி கும்பிட எல்லோரும் வந்தபோது மகாராஜன் மட்டும் வரவில்லை. உடம்புக்குச் சுகமில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தான். அவனுக்கு என்ன சுகமில்லை என்று அன்னக்கொடிக்குத் தெரியும். அவன் வாயைத் திறந்தால் தோட்டம் தங்களுக்கு என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த இடைவெளியில்தான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

அவள் அதைச் சீனிச்சாமி அறையில் கேட்டாள். தவணைத் தேதி தெரிந்துகொள்ளப் போனவளிடம் அவர் மலையாளப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு விளக்கினார். எந்த வழக்கை ஒரு நீதிபதி கேட்கலாம், எதை இரண்டு பேர் சேர்ந்து கேட்க வேண்டும் என்பதற்கு ஐகோர்ட்டுச் சட்டத்தில் ஒரு தொகை போட்டிருக்கிறார்கள். அது ஒரு தலைமுறைக்கு முன்னால் போட்ட தொகை. இன்றைக்கு அந்தத் தொகைக்குப் போடிமெட்டில் ஒரு சென்ட் நிலம்கூடக் கிடைக்காது. அதனால் சின்ன வழக்கெல்லாம் இரண்டு நீதிபதிகளிடம் போய் மலையாகக் குவிந்துவிட்டது. இப்போது அந்தத் தொகையை நிறைய உயர்த்திவிட்டார்கள். அதற்குக் கீழே உள்ள வழக்குகளை இனி ஒரே நீதிபதி கேட்டு முடித்துவிடலாம். புது வழக்குக்கு மட்டுமில்லை, ஏற்கெனவே கிடப்பில் உள்ளதற்கும் அதுதான்.

முதலில் அன்னக்கொடிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரெண்டு பேர் உட்கார்ந்தால் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போக வேண்டும், ஒருத்தர் என்றால் சோலி வெரசா முடியும் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டாள். நல்லதுதானே அண்ணே என்றாள். சீனிச்சாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"தங்கச்சி, நாம அன்னைக்கு மதிப்பு எம்புட்டுப் போட்டோம்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அவள் சொன்னாள்.

"அது இந்தப் புதுத் தொகைக்குக் கீழ விழுந்துருச்சு தங்கச்சி. நெச வெலையப் போட்டிருந்தா அந்த ரெண்டு பேருகிட்டயே இருந்திருக்கும்."

சட்டம் செய்தவர்களைக் கேட்டால் அவர்களிடம் பதில் இருக்கும். ஏழைபாழைகளின் வழக்குகள் வருஷக்கணக்கில் தூங்குகின்றன, அவற்றை வெரசாக முடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்பார்கள். பொய்யில்லை. எத்தனையோ பேருக்கு இதனால் நல்லது நடந்திருக்கும். ஆனால் விலை பெரிதாக இருந்தால் இரண்டு ஜோடிக் கண், சிறிதாக இருந்தால் ஒரு ஜோடிக் கண் என்று பிரித்தார்களே, அந்தச் சிறிய நிலத்தைத் தவிர வேறு நிலமே இல்லாதவளுக்கு அது எப்படிச் சின்ன வழக்காகும்? இதை யாரிடம் போய்க் கேட்பது? சட்டசபை இருக்கிற ஊருக்கு அன்னக்கொடி போனதில்லை.

விலையை இப்போது திருத்தி எழுத முடியுமா என்று கேட்டாள். சீனிச்சாமி எர்ணாகுளத்து வக்கீலுக்குப் போன் போட்டார். வக்கீல் மனுப் போட்டுப் பார்த்தார். குறைந்த கட்டணத்துக்காக அன்றைக்கு ஒரு விலை, பிடித்த நீதிபதிகளுக்காக இன்றைக்கு ஒரு விலையா என்று கேட்டுத் தள்ளிவிட்டார்கள். அவர்கள் கேட்டதில் என்ன தப்பு? சத்தியம் செய்து கையெழுத்துப் போட்ட காகிதம் அங்கே இருந்தது. பத்திர ஆபீசில் செல்லுபடியாகிற தந்திரம் எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் என்று நினைத்தது யார் தப்பு?

ராமரிடம் அவள் பாதிதான் சொன்னாள். சட்டம் மாறியதால் வழக்கு வேறு நீதிபதிக்குப் போகிறது என்றாள். ஏன் போகிறது என்று சொல்லவில்லை. ராமர் டீக்கடையில் உட்கார்ந்து அரசாங்கத்தை வாய்க்கு வந்தபடி ஏசினார். நாலு பேர் ஆமாம் போட்டார்கள். அன்னக்கொடி அடுப்படியில் நின்று, அவர் ஏசுகிற ஒவ்வொரு ஏச்சையும் தன் முதுகில் வாங்கிக்கொண்டாள்.

புதுத் தவணைக்கு ஒரு காலை பத்தரை மணிக்கெல்லாம் கோர்ட்டில் போய் உட்கார்ந்தார்கள். மகாராஜன் வரவில்லை. வரச் சொல்லி யாரும் ஆளனுப்பவுமில்லை. நீதிபதி நாற்பது வயதுக்காரர், கெட்டவராகத் தெரியவில்லை. அவர் மேஜை மேல் கட்டுகள் ஆள் உயரத்துக்கு இருந்தன. நூறு வழக்கையும் சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டியவருக்கு இரக்கப்பட நேரம் ஏது. இவர்கள் வழக்கு மதியத்துக்குச் சற்று முன்னால் வந்தது. வக்கீல் எழுந்து, முன்பு இருந்த இரண்டு நீதிபதிகள் சகோதரர்களை நேரில் வரச் சொன்னார்கள் என்றார். அது உத்தரவில் இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். இல்லை. பட்டயம் யார் பெயரில்? எதிர்க்கட்சியின் பெயரில். நீங்கள் கொடுத்ததாகச் சொல்லும் பணத்துக்கோ ஏற்பாட்டுக்கோ ஏதாவது எழுத்து இருக்கிறதா? இல்லை. ஒரு டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பீல் தள்ளுபடி, தடை உத்தரவும் அத்தோடு ரத்து.

வெளியே வராந்தாவில் வக்கீல் மேற்கொண்டு வழியில்லை என்பதை மெதுவாகச் சொன்னார். ஒரு நீதிபதி சொன்ன இந்தத் தீர்ப்பை எதிர்த்து இதே கோர்ட்டில் இரண்டு நீதிபதிகளிடம் போக முடியாது. டெல்லிக்குத்தான் போக வேண்டும். டெல்லிக்குப் போவதென்றால் தோட்டத்தை விற்றுத்தான் போக வேண்டும். தோட்டம் யாருடையது என்றுதான் இப்போது சொல்லிவிட்டார்களே.

அதே வராந்தாவில் நாலு கதவு தள்ளி அந்தப் பழைய அறை திறந்திருந்தது. அந்த இரண்டு பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு பெரிய முதலாளியின் வழக்கு. அந்த அம்மாள் கன்னத்தில் கையை வைத்து, வக்கீல் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய், அம்மா, நீங்கள் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது என்று சொல்லிவிடலாமா என்று அன்னக்கொடிக்குத் தோன்றியது. வாசலில் வெள்ளை உடுப்புச் சேவகன் நின்றான். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு நகர்ந்தாள்.

பஸ்சில் அவள் ராமரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எதனால் வழக்கு அந்த அறையை விட்டு வெளியே வந்தது என்பதை ஒளிக்காமல் சொன்னாள். ஏசுவார் என்று எதிர்பார்த்தாள், ஏசினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். நேரியமங்கலம் பாலம் தாண்டியபின்தான் வாய் திறந்தார்.

"நீ சொன்ன, நான் கையெழுத்துப் போட்டேன். விடு."



ஆறு வாரம் கழித்து, காய் எடுப்புக்குச் சரியாக இருந்த நேரத்தில், கோர்ட்டு அமீனா தோட்டத்தை ஒப்படைக்க வந்தார். சரமெல்லாம் காய் நிறைந்து தூரைச் சுற்றி மண்ணில் கிடந்தது. மகாராஜன் ஜீப்பில் வந்து இறங்கினான். ஆள் மெலிந்திருந்தான். பாண்டியராஜ் கூட வந்தான். தடுக்க யாரும் வரவில்லை. ராமர் கொட்டகைச் சாவியைக் கொடுத்தார். அமீனா நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். தேவி நர்ஸ் வேலை பார்க்கும் ஊரிலிருந்து இரண்டு தரம் போன் அடித்தாள். அன்னக்கொடி எடுக்கவில்லை.

அவள் ஒரு முடிவோடுதான் வந்திருந்தாள். வயிறெரிந்தவள் மண்ணை வாரித் தூற்றினால் அது வீண்போகாது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. தூற்றப்பட்ட குடும்பம் தழைத்ததில்லை என்று பேர் பேராகச் சொல்வார்கள். கொழுந்தனுக்கு இரண்டு பையன்கள். அவர்களை நினைத்து இரண்டு நாளாக அவள் மனம் தடுமாறியது. கடைசியில் தூற்றுவதென்றே வந்தாள். குனிந்து, முதல் வருஷம் நட்ட செடியின் தூரிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளிக்கொண்டு மகாராஜனுக்கு எதிரே போய் நின்றாள். பாண்டியராஜ் இரண்டடி பின்வாங்கினான். மகாராஜன் நகரவில்லை.

தூற்றும் முன் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தம்பி, இது கோர்ட்டுக்கு இல்ல. எனக்குச் சொல்லுங்க. இந்தச் செடியெல்லாம் ஆரு நட்டது?"

மகாராஜன் அண்ணனைப் பார்த்தான். ராமர் கொட்டகைப் படியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணனும் நீங்களும்தான் மதினி. நான் ஒரு செடி நட்டதில்ல."

அமீனாவுக்குத் தமிழ் தெரியும். அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பாண்டியராஜ் அத்தானின் கையைப் பிடித்து இழுத்தான். மகாராஜன் அவனை உதறிவிட்டுப் பேசினான்.

"அந்த ரெண்டு பேரும் கூப்பிட்டிருந்தா நான் வந்திருக்கணும் மதினி. அண்ணன் பக்கத்துல நின்னா எனக்குப் பொய் வராது. தோட்டம் போச்சு, அம்புட்டுத்தான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். நாலு மாசம் தூங்கல. பெறகு பாத்தா, ஆரும் கூப்பிடவே இல்ல."

அன்னக்கொடியின் கை மண்ணோடு மேலே எழுந்து அப்படியே நின்றது. எதிரே நின்றவன் உண்மையைச் சொல்லிவிட்டான். அவனை ஏன் யாரும் கூப்பிடவில்லை என்பது அந்தத் தோட்டத்தில் நின்ற எல்லோரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். கூப்பிட இருந்தவர்களிடமிருந்து வழக்கைப் பிடுங்கியது சட்டம். சட்டத்தின் கையில் அதை எடுத்துக் கொடுத்தது ஒரு தொகை. அந்தத் தொகை அவள் வாயிலிருந்து வந்தது. கை வலித்தது. ஓங்கிய மண்ணைச் சும்மா கீழே போடவும் அவளுக்கு மனம் வரவில்லை.

அவள் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

நரைத்த வகிட்டில் இறங்கி, காதோரம் வழிந்து, ரவிக்கைக்குள் சிந்தியது ஈர மண். மகாராஜன் மதினி என்று ஒரு அடி முன்னால் வந்து, அப்புறம் வராமல் நின்றுவிட்டான். ராமர் படியிலிருந்து எழுந்து வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவள் தலையை மெதுவாகத் தட்டிவிட்டார். நெற்றியிலிருந்ததையும் துடைத்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜீப்பு நிற்கிற ரோட்டை நோக்கி நடந்தார்.